ஆப்பசோடா, கேன்டீன் கடன்

ஐந்து கிராம் ஹெமடாக்சிலின்
ஐம்பது மில்லி ஆல்கஹாலில் கரைகிறது.
கடல் தாண்டி எங்கோ நின்ற மரத்தின்
வைரம் இந்தப் பழுப்புப் பொடி.
பாட்டிலின் காலாவதித் தேதி
போன தையோடு முடிந்தது.
இன்டென்ட் போட்டுப் பதினோரு வாரம்.

படிகாரம் நூறு கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்.
கண்ணேறு படாமலிருக்கக்
கடை வாசலில் கட்டித் தொங்கவிடும் அதே படிகாரம்தான்
இங்கே சாயத்தைப் பிடித்துக்
கருவோடு கட்டிவைக்கிறது.

இரண்டையும் கலந்து ஒரு கொதி.
இறக்கிவைத்து
சிவந்த மெர்க்குரிக் ஆக்சைடைச் சிறுகச் சிறுகத் தூவினால்
பொங்கும்.
குலவையிட யாருமில்லை,
முகத்தையும் மூச்சையும் திருப்பிக்கொள்வேன்.
பழுப்பு, நாவற்பழமாகும் அந்த நொடியில்
குடுவை குளிர்ந்த நீரில் இறங்கியாக வேண்டும்.
தாமதித்தால்
முற்றிய கீரைத்தண்டு, எதற்கும் ஆகாது.

மறுநாள் காலை மேலே
பித்தளைப் பளபளப்பில் ஏடு கட்டியிருக்கும்.
வடிதாளில் வடித்துவிட்டுத்தான் வேலை.

இன்று பதினேழு ஸ்லைடு.
பித்தப்பை நான்கு, கர்ப்பப்பை ஆறு,
மற்றவை கலவையாக.
1163: வலது கன்னத்தின் உட்புறம்,
அஞ்சம்மாள், நாற்பத்தாறு, இடும்பாவனம்.
நாலு மைக்ரான் தடிமனில்
கண்ணாடிமேல் ஒட்டிய ஒரு நகத்தளவு.

சைலீனில் மெழுகு போனது.
ஆல்கஹால் படிகளில் இறங்கித் தண்ணீருக்கு வந்தது.
சாயத்தில் எட்டு நிமிடம்.
அமில ஆல்கஹாலில் ஒரே முக்கு,
எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.
அப்புறம் குழாயடி. அங்கேதான் நீலம் பிடிக்கும்.

பிடிக்கவில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம்,
கருக்களெல்லாம் வெற்றிலை போட்ட வாய்போலச்
செக்கச்செவேலென்றே நின்றன.
பிறகுதான் உறைத்தது:
ராத்திரி மோட்டார் காயில் கருகிவிட்டதென்று
தொட்டியில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.
அத்தனை சுத்தத்தில் ஒன்றும் நீலமாகாது.

எத்தனை வைதிருப்பேன் எங்கள் போர்த் தண்ணீரை!
பருப்பு வேகாது, தலைமுடி சிக்காகும்,
குழாய் மூக்கில் வெள்ளைவெள்ளையாய்ப் பொருக்கு.
இந்தத் திருவாரூரில் பதினான்கு வருஷமாக
ஒவ்வொரு கருவையும் நீலமாக்கித் தந்தது
அந்தக் காரம்தான் என்று
அதனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கேன்டீனுக்கு ஓடினேன்.
ஹபீபுல்லா டப்பாவை நீட்டிச் சிரித்தார்:
"என்ன மேடம், லேபில் இன்றைக்கு ஆப்பமா?"

அரை ஸ்பூன் போதுமாயிருந்தது.
ஸ்லைடை இறக்கியதும்
ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து கடைசி மூலைக்கு
சிவப்பு பின்வாங்கிற்று.
விடியுமுன் உள்ள வானத்தை அரைத்ததுபோல ஒரு நீலம்.

இயோசின் கொடுத்து மூடிக்
காயுமுன் லென்ஸின் கீழ் வைத்தேன்.
நான் பார்ப்பது சாயத்தை மட்டும்.
நோயைப் பார்க்க டாக்டர் வியாழக்கிழமை வருவார்.
ஆனாலும் கண் இருக்கிறதே.
கீழ்வரிசையில் நிற்க வேண்டியவை வரப்பை உடைத்துக்கொண்டு
கும்பல் கும்பலாய் உள்ளே இறங்கியிருந்தன,
ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல்,
பெருத்து, கறுத்து,
ஒவ்வொன்றும் துல்லியமாக.

சன்னலுக்கு வெளியே வேதரத்தினம்,
கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஓ.பி. சீட்டு.
"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"
வியாழன் என்றேன்.
"எங்க கடைமடைக்கு நேத்துதான் தண்ணி வந்துச்சு.
வெள்ளிக்கிழமை நடவு.
அவ இறங்கினாத்தான்
மத்தவளுகளுக்கும் கை ஓடும்."

"ம்" என்றேன்.
அதற்கு என்ன பொருள் என்று
அவரும் கேட்கவில்லை.

மாலை பதிவேட்டில் எழுதினேன்:
ஹெமடாக்சிலின் புதிய கலவை, முதல் நாள்.
கரு ஏற்றம் மிக நன்று.
மோட்டார் பழுது.
ஆப்பசோடா அரை ஸ்பூன், கேன்டீன் கடன்.